பனியனுக்கு ஓய்வு! இந்த மரியாதை யாருக்கு?

நம்பரைத் தூக்கிச் சுவரில் மாட்டும் முன் கல்லூரிகள் யோசிக்க வேண்டிய சங்கதிகள்

(நமது நிருபர்)

செட்டியார்பட்டி:

2017-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி. இடம், கொழும்பு. இலங்கைக்கு எதிரான ஒருநாள் கிரிக்கெட் போட்டி. இந்திய ஒருநாள் அணியில் அன்றைக்குத்தான் முதன்முதலாக அடியெடுத்து வைத்தார், ஷர்துல் தாகூர் என்ற வேகப்பந்து வீச்சாளர். வயது 25.

பையன் மைதானத்தில் இறங்கியதுதான் தாமதம். நாலா பக்கமும் இருந்து வசைமாரி!

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்? யாரையாவது அடித்தாரா? காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்றாரா? ஒன்றும் இல்லை. முதுகில் 10-ம் நம்பர் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அது டெண்டுல்கரின் நம்பர்!

டெண்டுல்கர் கடைசியாக ஒருநாள் ஆட்டம் ஆடியது 2012 மார்ச் மாதம். அதன் பிறகு அந்த நம்பரை யாரும் தொடக்கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை. தாகூர் தன் பிறந்த தேதியைக் கூட்டிப் பார்த்து, ராசி என்று 10-ஐ எடுத்தார். அவ்வளவுதான் விஷயம். வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு 54-ம் நம்பருக்கு மாறிவிட்டார். அந்த வருடமே 10-ம் நம்பரைச் சத்தமில்லாமல் ஒதுக்கி வைத்தது கிரிக்கெட் வாரியம். 2023-ல் டோனியின் 7-ம் நம்பரும் அதே பெட்டிக்குள் போனது.

முன்னாலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் புதுப் பையன் ஏச்சு வாங்கியிருப்பானா?

"ஒரு பனியனுக்கா இத்தனை?"

"என்ன அண்ணாச்சி, ஒரு பனியனுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். மில்லில் டோக்கன் நம்பர், ரேஷன் கார்டில் நம்பர், ஏறுகிற பஸ்ஸில் நம்பர். நம் பிழைப்பு முழுக்க நம்பர்தான். ஆள் போனால் நம்பருக்கு என்ன துக்கம்?

ஆனால் ஆட்டக்காரனுக்கு அப்படி இல்லை. தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ரசிகனுக்கு முகம் தெரியாது. முதுகு தெரியும். முதுகில் நம்பர் தெரியும். நாலு வருடம் ஒரே நம்பரில் ஒருவன் ஆடினால், அந்த நம்பரே அவன் பெயர் ஆகிவிடும்.

சேத்தூர், செட்டியார்பட்டி பக்கமிருந்து ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக்கும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் ஏராளம். புத்தகப் பையோடு ஒரு ஜோடி ஷூவையும் சேர்த்துச் சுமக்கிற பிள்ளைகள் அதில் உண்டு. காலையில் ஆட்டம், பகலில் வகுப்பு, சாயங்காலம் மறுபடி ஆட்டம். கல்லூரிக்குக் கோப்பை வாங்கிக் கொடுப்பது இவர்கள்தான்.

பதிலுக்கு என்ன கிடைக்கும்? ஒரு சால்வை. ஒரு கேடயம். ஒரு குரூப் போட்டோ. மறு வருடம் அந்தப் பனியன் வேறொருவன் முதுகில் ஏறும். கட்டிடத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் நிற்கும். மைதானத்தில் முட்டி தேய்ந்தவன் பெயர் மூன்றே வருடத்தில் மறந்து போகும்.

அதனால்தான் பனியனுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் நம் கல்லூரிகளுக்கும் நல்லது என்கிறோம். ஆனால் எப்படிச் செய்வது, யாருக்குச் செய்வது என்பதில்தான் சிக்கல்.

வழக்கம் பிறந்த கதை

முதலில் இது அனுதாபத்தில் பிறந்தது. கனடாவில் டொரண்டோ ஐஸ் ஹாக்கி அணியில் ஆடியவர் ஏஸ் பெய்லி. ஆட்டத்தில் தலையில் பலத்த அடி. உயிர் பிழைத்ததே பெரிய பாடு. இனி ஆட முடியாது என்றானதும், 1934 பிப்ரவரியில் அவருடைய 6-ம் நம்பரை அணி ஒதுக்கி வைத்தது. 1939-ல் அமெரிக்க பேஸ்பால் வீரர் லூ கெரிக், தீராத நோயால் ஆட்டத்தை விட்டபோது, அவருடைய 4-ம் நம்பருக்கு அதே மரியாதை.

பிறகு அது சாதனைக்கான மரியாதையாக மாறியது. 2022-ல் கூடைப்பந்து மேதை பில் ரஸ்ஸல் காலமானபோது, அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகள் அத்தனையிலும் 6-ம் நம்பருக்கு ஓய்வு அறிவிக்கப்பட்டது. ஏற்கனவே அந்த நம்பரில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றார்கள். யார் வயிற்றிலும் அடிக்காத முடிவு!

விரலால் வந்த வில்லங்கம்

கூடைப்பந்தில் நம்பருக்கு ஒரு தனித் தட்டுப்பாடு உண்டு. விவரம் தெரிந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் ஊர் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் வெகுகாலம் 4 முதல் 15 வரைதான் நம்பர் போட்டு ஆடினார்கள். 1, 2, 3 கிடையாது. ஏன்?

நடுவர் விரலால் பேசுகிறவர். எத்தனை புள்ளி என்பதையும், எத்தனை முறை கூடைக்கு எறியலாம் என்பதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால்தான் காட்டுவார். ஆட்டக்காரன் நம்பரும் அதுவே என்றால் மேஜையில் எழுதுகிறவர் குழம்பிப் போவார். ஆகவே 4-ல் ஆரம்பம். 12 ஆட்டக்காரர்கள், 12 நம்பர். கணக்கு சரி.

அந்தக் காலத்தில் ஒரு நம்பருக்கு ஓய்வு கொடுத்திருந்தால் என்ன ஆகும்? 12 பேருக்கு 11 பனியன்! மூன்று நம்பருக்கு ஓய்வு கொடுத்தால் மூன்று பையன்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2014-ல் சர்வதேச கூடைப்பந்து சம்மேளனம் விதியை மாற்றி 0, 00, 1 முதல் 99 வரை என்று கதவைத் திறந்துவிட்டது.

அமெரிக்கக் கல்லூரிகளில் வேறு கணக்கு. நடுவர் ஒரு கையில் பத்து, மறு கையில் ஒன்று காட்டுவார். ஒரு கைக்கு ஐந்து விரல்தானே? அதனால் 5-க்கு மேற்பட்ட இலக்கமே கூடாது. 6 கிடையாது, 17 கிடையாது. மொத்தமே 37 நம்பர்தான் தேறும். 2023-24 பருவத்தில்தான் 99 வரை அனுமதித்தார்கள். 37-ல் பத்தை எடுத்துச் சுவரில் மாட்டினால் மிச்சம் எவ்வளவு? கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தரத் தேவையில்லை.

மூன்று கல்லூரி, மூன்று சட்டம்

தட்டுப்பாடு இருந்ததால் அங்கே கல்லூரிகள் கறாராகச் சட்டம் போட்டன.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் இரண்டு தட்டு. "நாட்டிலேயே இந்த வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்" என்ற பட்டத்தைக் குறிப்பிட்ட அமைப்புகளிடம் வாங்கினால்தான் நம்பருக்கு ஓய்வு. அதற்குக் கொஞ்சம் கீழே இருப்பவர்களுக்குப் பனியன் மட்டும் கூரையில் தொங்கும், நம்பர் புழக்கத்தில் இருக்கும். மைக்கேல் ஜோர்டானின் 23-ம் நம்பர் மேல் தட்டில் இருக்கிறது. உள்ளூர் பாசம், சிபாரிசு எதுவும் செல்லாது. வெளியார் கொடுக்கிற பட்டம்தான் அளவுகோல்.

டியூக் பல்கலைக்கழகத்தில் இன்னொரு நிபந்தனை. படிப்பை முடித்துப் பட்டம் வாங்கியிருக்க வேண்டும்! ஜே வில்லியம்ஸ் என்பவர் மூன்றே வருடத்தில் பட்டத்தை முடித்துவிட்டு 2002-ல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். மறு வருடமே அவருடைய 22-ம் நம்பர் கூரையில் ஏறியது. பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பெரிய நட்சத்திரமானாலும், அதே கூரையில் இடம் இல்லை.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் கதைதான் மனதைத் தொடுவது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தே பயிற்சி கொடுத்த இடம் அது. அங்கே ஆடியவர் வில்ட் சேம்பர்லின். 1957 இறுதிப் போட்டியில் வட கரோலினாவிடம் மூன்று கூடுதல் நேரம் ஆடி, 54-க்கு 53 என்று ஒரே புள்ளியில் தோல்வி. "கல்லூரியைக் கைவிட்டுவிட்டேனே" என்ற குறை அவர் மனதில் நாற்பது வருடம் இருந்தது. ஊர்ப்பக்கம் வருவதையே தவிர்த்தார்.

1998 ஜனவரியில் அவருடைய 13-ம் நம்பர் பனியனைக் கூரையில் ஏற்றக் கூப்பிட்டார்கள். தயங்கித் தயங்கி வந்தார், தன் பழைய கல்லூரிக் கோட்டைப் போட்டுக்கொண்டு. அரங்கமே எழுந்து நின்றது. மனிதர் நெகிழ்ந்து போனார். அடுத்த வருடம் அக்டோபரில் காலமாகிவிட்டார்.

இதில் இரண்டு பாடம். கோப்பை வாங்காதவனுக்கும் இந்த மரியாதை தகும் என்பது ஒன்று. ஆள் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் பாடத்துக்கு நம் பெங்களூரிலும் சாட்சி உண்டு. ஐ.பி.எல். பெங்களூரு அணி 2023-ல் டிவில்லியர்சின் 17, கெயிலின் 333 ஆகிய இரண்டு நம்பருக்கும் ஓய்வு கொடுத்தது. இருவரும் அந்த அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்கள் அல்ல. அணி முதல் கோப்பையைப் பார்த்ததே 2025-ல்தான். ஆனாலும் அந்த மரியாதையை யாரும் தவறு என்று சொல்லவில்லை.

அவசரப்பட்டால்...?

கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி 2020-ல் தன் தூண் போல நின்ற தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கனுக்கு விடை கொடுத்தது. அவருடைய 21-ம் நம்பருக்கு அப்போதே ஓய்வு. ஆனால் ஜிங்கன் ஆட்டத்தை விடவில்லை, அணியைத்தான் விட்டார். பிறகு கொல்கத்தா அணியில் சேர்ந்து பழைய அணிக்கு எதிராகவே ஆடினார். 2022-ல் ஒரு ஆட்டம் முடிந்து அவர் சொன்ன ஒரு வார்த்தை பெரிய ரகளையாகிவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் "21-ஐத் திரும்பக் கொண்டுவா!" என்று ரசிகர்கள் கொடி பிடித்தார்கள்.

யார் பேரில் தப்பு என்பது இங்கே விவகாரம் இல்லை. ஆடிக்கொண்டிருக்கிற ஆளுக்கு ஓய்வு மரியாதை செய்தால் இந்த மாதிரி இக்கட்டு வரும். சூடு ஆறட்டும் என்று நாலைந்து வருடம் பொறுத்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

அர்ஜென்டினா கதை இன்னொரு மாதிரி. மரடோனாவின் 10-ம் நம்பரை ஒதுக்கிவிட்டு 2002 உலகக் கோப்பைக்குப் போகப் பார்த்தார்கள். "அதெல்லாம் முடியாது. 1 முதல் 23 வரை எல்லா நம்பரும் இருந்தாக வேண்டும்" என்று உலகக் கால்பந்து சம்மேளனம் கைவிரித்துவிட்டது. 10-ம் நம்பரை ஒர்டேகா போட்டு ஆடினார். அதனால் மரடோனாவின் புகழ் ஒரு துளி குறைந்ததா? இல்லையே!

ஸ்ரீஜேஷ் விஷயத்தில் நடந்தது

நம் நாட்டில் யோசித்துச் செய்த காரியத்துக்கு உதாரணம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். பக்கத்துக் கேரளாக்காரர். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2-1 என்று வென்று இந்திய ஹாக்கி அணி வெண்கலம் வாங்கியது. அதுதான் அவருக்குக் கடைசி ஆட்டம். 336 சர்வதேச ஆட்டங்கள். டோக்கியோ, பாரிஸ் என்று அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் வெண்கலம்.

ஒரே வாரத்துக்குள் அவருடைய 16-ம் நம்பருக்கு ஹாக்கி இந்தியா ஓய்வு அறிவித்தது. கூடவே ஒரு நிபந்தனை. ஓய்வு சீனியர் அணியில் மட்டும்தான். ஜூனியர் அணியில் 16 இருக்கும். அந்த ஜூனியர் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பையும் அப்போது ஸ்ரீஜேஷ் கையிலேயே கொடுத்தார்கள்!

அதாவது, பெரியவருக்கு மரியாதையும் ஆச்சு, சின்னவனுக்கு நம்பரும் ஆச்சு.

அப்படியானால் யாருக்கு?

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், நம் பக்கத்துக் கல்லூரிகள் ஒரு பனியனைச் சுவரில் ஏற்றுவதற்கு முன் ஐந்து கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று: எத்தனை வருடம் ஆடினான்? ஒரே ஒரு இறுதிப் போட்டியில் விளாசியவனுக்குக் கைதட்டல் போதும். படித்த காலம் முழுக்க அணியைத் தாங்கியவனுக்குத்தான் சுவர்.

இரண்டு: வெளியே யாராவது ஒப்புக்கொண்டார்களா? பல்கலைக்கழக அணி, மாநில அணி, இந்திய அணி, இதில் ஒன்றிலாவது இடம் பிடித்திருக்க வேண்டும். உள்ளூர் சிபாரிசுக்கு இதுதான் பூட்டு.

மூன்று: பட்டம் முடித்தானா? இதற்குத்தான் எதிர்ப்பு வரும். "வீட்டுக் கஷ்டம், ரெயில்வேயிலோ போலீசிலோ வேலை கிடைத்தது, பாதியில் போய்விட்டான். அது தப்பா?" என்பார்கள். தப்பே இல்லை. ஆனால் பனியன் காத்திருக்கட்டும். ஜோர்டானே 1984-ல் படிப்பைப் பாதியில் விட்டுப் போனவர்தான். திரும்பி வந்து 1986-ல் பட்டத்தை முடித்தார். இந்த விதி ஆட்டக்காரனை மட்டும் கட்டாது, கல்லூரியையும் கட்டும். போட்டிக்கு அழைத்துப் போன நாட்களுக்கு வருகைப் பதிவும், தவறிய பாடத்துக்குத் தனி வகுப்பும் கொடுக்காத கல்லூரிக்குச் சுவரில் மாட்ட ஒரு பனியனும் மிஞ்சாது. கோப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு பையனைப் பரீட்சையில் கைவிடுகிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

நான்கு: நடத்தை எப்படி? நடுவரிடம் கை நீட்டியவன், கூட ஆடுகிறவனைக் கீழே தள்ளியவன், எத்தனை கூடை போட்டாலும் வேண்டாம்.

ஐந்து: கல்லூரியை விட்டு ஐந்து வருடம் ஆயிற்றா? அந்தச் சமயத்து சூடும், கோஷ்டியும் அடங்கட்டும். ஆனால் வில்ட் சேம்பர்லின் மாதிரி நாற்பது வருடம் காக்க வைக்க வேண்டாம்.

மாணவிகளுக்கும் இதே தராசுதான். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையை இதில் நிறுத்திப் பாருங்கள். இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடியவர். 2021-ல் பத்மஸ்ரீ. வெளியார் சாட்சி இதைவிட வேண்டுமா? பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைவு என்பதால் சுவரில் இடமும் குறைவு என்று சொல்ல முடியாது.

முடிவு செய்வது யார்? நிர்வாகம் மட்டும் உட்கார்ந்தால் நன்கொடைக்காரர் வீட்டுப் பிள்ளை மேலே ஏறிவிடும். உடற்கல்வி இயக்குனர், இரண்டு தலைமுறை பழைய மாணவர்கள், எதிர் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர், இப்போது ஆடுகிற பிள்ளைகளில் ஒருவர் என்று ஒரு குழு போட்டால் சந்தேகம் வராது. எதிராளி ஒப்புக்கொண்டால் அது கடைசித் தீர்ப்பு!

நம்பரைப் பூட்ட வேண்டாம்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பனியனை மாட்டுங்கள், நம்பரைப் பூட்டி வைக்காதீர்கள். சுவரில் தொங்குகிற 7-ம் நம்பரைப் பார்த்துக்கொண்டே, அதே 7-ஐப் போட்டு ஒரு முதல் வருடப் பையன் ஓடட்டும். அவனுக்கு அந்தப் பனியனைப் பழைய ஆட்டக்காரரே வந்து கையால் கொடுக்கட்டும். கொழும்பில் ஷர்துல் தாகூருக்குக் கிடைத்தது ஏச்சு. இங்கே நம் பையனுக்குக் கிடைப்பது ஆசீர்வாதமாக இருக்கும்.

செலவு? ஒரு பனியன், ஒரு கண்ணாடிச் சட்டம், நாலு ஆணி. சாமியானா பந்தல் செலவில் கால்வாசி கூட ஆகாது.

ஆனால் இதற்கெல்லாம் அஸ்திவாரம் ஒன்று வேண்டும். யார் எந்த வருடம் ஆடினார், எந்த நம்பரில் ஆடினார், எத்தனை புள்ளி எடுத்தார் என்ற கணக்கு. மேஜையில் எழுதுகிற ஸ்கோர் தாள்கள் ஆட்டம் முடிந்ததும் எங்கே போகின்றன? பழைய பேப்பர் கடைக்குப் போனால் சாட்சியே போய்விட்டது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு மனுப் போடுகிறவனுக்கும் ஆடியதற்கான அத்தாட்சிதான் உயிர்நாடி.

எனவே, அடுத்த விளையாட்டு விழாவுக்குச் சால்வை வாங்க பஜாருக்குப் போகிறவர்கள், கூடவே கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்றும் வாங்கி வரட்டும். முதல் பக்கத்தில் விதியை எழுதட்டும். இரண்டாம் பக்கத்திலிருந்து பெயர்களை எழுதட்டும். சுவரில் ஆணி அடிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.